பந்தயத்துக்கு என்று பாதை இருக்கிறது: சான்பாடா பைக் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சனிக்கிழமை இரவானால் மோராஜ் சர்க்கிள் பக்கம் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, கட்டிங் சாய் குடித்தபடி, பாம் பீச் ரோடு காலியாகட்டும் என்று காத்திருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். ஆர்15, கேடிஎம், அப்பாச்சி, பல்சர் என்று உங்கள் வண்டிகள் பல. தமிழ், மராத்தி, மலையாளம், இந்தி என்று உங்கள் வீட்டு மொழிகளும் பல. நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம், உங்களில் நிறையப் பேர் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும் கொஞ்சம் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று இந்த நவி மும்பைப் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதுதான். படித்துவிட்டு உங்கள் நண்பர்களுக்கு அவரவர் மொழியில் சொல்லுங்கள்.

நானும் தாராவியில் வளர்ந்து சான்பாடாவுக்கு வந்தவன்தான். பைக் ஓட்டுகிறவன். டிராக் ரேஸ் என்ற விளையாட்டின் மேல் தீராத பிரியம் உள்ளவன். ஆகவே ‘வண்டியை விற்றுவிடு, படிக்கிற வேலையைப் பார்’ என்று சொல்ல வரவில்லை. உங்களுக்கு இருக்கும் ஆசை நல்ல ஆசை. அதை நீங்கள் செலவழிக்கிற இடம்தான் தப்பு. நேர்கோட்டில் யார் முந்துவது என்று பார்க்க ஒரு முறையான விளையாட்டு இருக்கிறது. அதற்கென்று பாதை, விளக்கு, கடிகாரம், விதி எல்லாம் இருக்கின்றன. புதிதாக வருகிறவன் தன் சாதாரண வண்டியோடு அதில் இறங்க முடியும். இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நேர்கோட்டு ஓட்டம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. கொங்கு நாட்டில் ரேக்ளா பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று அளந்து கோடு போட்டு, ஒவ்வொரு வண்டியும் எத்தனை விநாடியில் ஓடி முடித்தது என்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்துப் பரிசு தருவார்கள். இங்கே மராட்டிய மண்ணில் அதே போல மாட்டு வண்டி ஓட்டத்துக்கு பைல்காடா ஷர்யத் என்று பெயர். ஜல்லிக்கட்டோடு சேர்த்து இதையும் அனுமதித்த மாநிலச் சட்டங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது. விதிகளும் தடுப்பும் ஒழுங்கும் இருக்கும்போது வேகம் விளையாட்டாகிறது, ஊரே கூடிப் பார்க்கிறது. அவை இல்லாதபோது அதே வேகம் குற்றமாகிறது. உங்களுக்கும் அந்தப் பந்தயக்காரர்களுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒழுங்குதான்.

பாம் பீச் ரோட்டைப் பாருங்கள். வாஷியிலிருந்து பேலாப்பூர் வரை ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் கழிமுகத்தை ஒட்டி அகலமாக ஓடுகிறது. மும்பைக்குள் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருக வழியே இல்லாத உங்களுக்கு அது ஓடுபாதை மாதிரி தெரிவதில் வியப்பில்லை. ஆனால் அது ஓடுபாதை இல்லை. சார்சோளே கோளி மீனவர்கள் ஜெட்டிக்குப் போக வேண்டுமென்றால் அந்த ரோட்டைக் கடந்துதான் போக வேண்டும். அவர்கள் கடலுக்குப் போகும் நேரத்தை அலையேற்றம்தான் முடிவு செய்கிறது, உங்கள் பந்தயம் இல்லை. இரவுப் பணி முடிந்து வரும் நர்ஸ், குறுக்கே பாயும் நாய், சிக்னலில் திரும்பும் டெம்போ, மழைக்காலம் முடிந்ததும் முளைத்திருக்கும் குழி எல்லாம் அங்கே உண்டு. இவற்றில் எதற்கும் நீங்கள் பந்தயம் விடுவது தெரியாது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர், டிராக் ரேஸின் வழக்கமான தூரம். 390 சிசி கேடிஎம் அந்தத் தூரத்தை ஏறக்குறைய 14 விநாடியில் முடிக்கும்போது வேகம் மணிக்கு 150 கி.மீ. பக்கம் இருக்கும். அது விநாடிக்கு 42 மீட்டர். எதிரே ஒன்றைக் கண் பார்த்துக் கை பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி ஆனால்கூட, பிரேக் பிடிக்கும் முன்பே 42 மீட்டர் போய்விடும். காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயரோடு சரியாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்குக்காகவே பந்தயப் பாதையில் முடிவுக் கோட்டுக்கு அப்பால் வண்டியை நிறுத்துவதற்கென்றே நீளமாக இடம் விட்டிருப்பார்கள். பாம் பீச் ரோட்டில் உங்கள் முடிவுக் கோட்டுக்கு அப்பால் அடுத்த சிக்னல்தான் இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். மொத்தச் சாவில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே அறிக்கை. நம் வட்டாரத்து நாக்காக்களில் ‘பாவ்பூர்ண ஷ்ரத்தாஞ்சலி’ என்று எழுதிய பேனர்களில் இருபது வயது முகங்களை எத்தனை முறை பார்த்துவிட்டோம். அந்தப் பேனர் கட்டும் வேலையை உங்கள் நண்பர்களுக்கு வைக்காதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189, அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விடுவதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது ஆகாத பையன் குற்றம் செய்தால் பிரிவு 199ஏ அவனுடைய பெற்றோர் மீது பாய்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. மாதத் தவணை கட்டி வண்டி வாங்கித் தந்த அப்பாவை நீங்கள் கோர்ட் படி ஏற்றுகிறீர்கள் என்று பொருள்.

காப்பீடும் கைகொடுக்காது. உங்கள் பாலிசிப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கப்பட்டவை என்று அதில் எழுதியிருக்கும். தன் கண்மூடித்தனமான ஓட்டத்தால் தானே வண்டியைக் கவிழ்த்து இறந்த ஒருவருக்காகக் குடும்பத்தார் கேட்ட இழப்பீட்டை கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. போனவர் போய்விட, வீட்டில் இருப்பவர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

இவ்வளவும் பயமுறுத்தல் என்று நினைத்தால் இன்னொரு காரணம் சொல்கிறேன். உங்களுக்கு இதுதான் அதிகம் உறைக்கும் என்று நம்புகிறேன். ரோட்டில் ஓட்டுவதால் நீங்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை. யார் ஜெயித்தது என்பதைப் பின்னால் உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்தவன் சொல்கிறான். யார் முதலில் கிளப்பினார்கள் என்று ஒரு சண்டை, எங்கே முடித்தோம் என்று இன்னொரு சண்டை. உங்கள் புறப்பாடு எத்தனை விநாடி தாமதம், இரண்டாவது கியர் எங்கே வீணானது, போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு முன்னேறினீர்கள் என்று எந்தக் கேள்விக்கும் அங்கே பதில் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஓட்டியும் நீங்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறீர்கள்.

டிராக் ரேஸ் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு தடங்கள், இரண்டு வண்டிகள். புறப்படும் கோட்டில் தரையை ஒட்டி இரண்டு ஒளிக்கற்றைகள் குறுக்கே போகும். முன்சக்கரம் முதல் கற்றையை மறைத்தால் ‘நெருங்கிவிட்டாய்’ என்று ஒரு சின்ன விளக்கு, இரண்டாவதை மறைத்தால் ‘சரியான இடத்தில் நிற்கிறாய்’ என்று இன்னொன்று. இரண்டு பேரும் நின்ற பிறகு நடுவில் உள்ள கம்பத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும், பிறகு பச்சை. பச்சைக்கு முன்பே சக்கரம் நகர்ந்தால் சிவப்பு, அந்த ஓட்டம் தோல்வி. இந்த விளக்குக் கம்பத்துக்கு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். 1963இல் அது வருவதற்கு முன் ஓர் ஆள் கொடியசைத்துத்தான் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

புதியவர்கள் குழம்புகிற ஓர் இடம் இங்கே இருக்கிறது. உங்கள் ஓட்ட நேரக் கடிகாரம் பச்சை எரிந்ததும் ஓடத் தொடங்குவதில்லை, உங்கள் சக்கரம் அந்தக் கற்றையை விட்டு நகரும்போதுதான் ஓடத் தொடங்குகிறது. பச்சைக்கும் நீங்கள் நகர்ந்ததற்கும் இடையில் ஆன நேரம் தனிக் கணக்கு. ஒருவர் பச்சை எரிந்து 0.4 விநாடி கழித்துக் கிளம்பி 14.2 விநாடியில் ஓடுகிறார் என்று வையுங்கள், மொத்தம் 14.6. இன்னொருவர் 0.1 விநாடியில் கிளம்பி 14.4இல் ஓடினால் மொத்தம் 14.5, ஜெயித்தவர் அவர்தான். வேகம் குறைந்த வண்டி விழிப்பான கண்ணால் ஜெயிக்கிறது. காசுள்ளவனின் பெரிய வண்டியைப் பார்த்து ஏங்கும் பையனுக்கு இதைவிட நம்பிக்கை தருகிற விதி எந்த விளையாட்டில் இருக்கிறது?

உங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் இந்த விளையாட்டே பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களை முடுக்கிவிட்டு இரவு நேரத் தெருக்களில் பந்தயம் விட்டார்கள். செய்தித்தாள்கள் திட்டின, போலீஸ் துரத்தியது. 1950இல் சான்டா ஆனா என்ற ஊரின் சின்ன விமான நிலையத்தில் சி.ஜே. ஹார்ட்டும் அவர் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுபாதையைப் பந்தயத்துக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே கார்களையெல்லாம் தோற்கடித்துப் பேர்வாங்கிய வண்டிகளில் ஒன்று ஒரு ஹார்லி மோட்டார் சைக்கிள். அதைச் செய்தவர் செட் ஹெர்பர்ட். போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தவர். அவர் செய்தார், அல் கீஸ் என்பவர் ஓட்டினார். 1951இல் வாலி பார்க்ஸ் இதற்கென்று ஒரு தேசிய சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் முதல் போட்டி 1953இல் பொமோனா ஊரில் ஒரு கண்காட்சி மைதானத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நடந்தபோது, அதற்குத் துணை நின்றவர்களில் பட் கூன்ஸ் என்ற உள்ளூர்ப் போலீஸ்காரரும் ஒருவர். பிறகு அவரே ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் நடத்தும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். துரத்திக்கொண்டிருந்த காவல் துறை வழிகாட்டியாக மாறியது, பிள்ளைகள் தெருவை விட்டு ஓடுபாதைக்குப் போனார்கள்.

நம் கதையும் ஓடுபாதையில்தான் தொடங்குகிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. கூட்டம் கூட்டமாகச் சனம் போய்ப் பார்த்தது. பிறகு அந்தக் கிளப் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை அமைத்தது, 1990 முதல் அங்கே பந்தயங்கள் நடக்கின்றன. தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸ் சாம்பியன்ஷிப்பையும் அந்தப் பாதை நடத்தியிருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஹேமந்த் முத்தப்பா அங்கே பலமுறை தேசியப் பட்டம் வென்றவர். நமக்குப் பக்கத்தில் லோனாவாலாவைத் தாண்டி ஆம்பி வேலியின் விமான ஓடுபாதையில் ‘வேலி ரன்’ என்ற போட்டி கடந்த பத்தாண்டுகளில் பலமுறை நடந்தது. நாடெங்கிலுமிருந்து கார்களும் பைக்குகளும் வந்து ஓடின. இந்தியாவில் மோட்டார் பந்தயங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எந்தப் போட்டியானாலும் அந்த அமைப்பின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் எவ்வளவு பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தாலும் போகாதீர்கள்.

இனி, முதல் முறை போகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

வண்டியை மாற்றாதீர்கள். இருக்கிற வண்டியே போதும். சைலன்சர், ஸ்ப்ராக்கெட், இசியூ மேப் என்று காசைக் கொட்டும் முன், கம்பெனியிலிருந்து வந்த நிலையில் அது எவ்வளவு நேரத்தில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 150 சிசி வண்டி 402 மீட்டரை ஏறத்தாழ 18 விநாடியில் ஓடும். அதில் பெருமைக்குறைவு ஒன்றுமில்லை. சிறிய வண்டி தப்பை மன்னிக்கும். ஆயிரம் சிசி வண்டி உங்களுக்குக் கற்றுக்கொள்ள நேரமே தராது.

போவதற்கு முன் செயின் தொய்வு, பிரேக் பேட், டயரின் வயது, கிளட்ச் கேபிள், சக்கர அச்சு நட்டு எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கசிவு ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. உங்கள் எண்ணெயில் அடுத்து வருபவன் வழுக்கி விழுவான். டயரில் காற்று, கம்பெனி சொன்ன அளவில் இருக்கட்டும். யாரோ சொன்னார்கள் என்று பாதியாக இறக்காதீர்கள். போட்டி தொடங்கும் முன் பரிசோதகர்கள் வண்டியைப் பார்ப்பார்கள். அவர்கள் ஒன்றைத் திருத்தச் சொன்னால் வாதாடாமல் திருத்துங்கள்.

உடுப்பு விஷயத்தில் சமரசம் கிடையாது. முழு முகம் மூடும் நல்ல ஹெல்மெட், தோல் ஜாக்கெட், பேன்ட் அல்லது ஒரே உடுப்பாகத் தோல் சூட், கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ். காசு குறைவாக இருந்தால் வண்டியில் பிறகு போட்டுக்கொள்ளலாம், முதல் காசு உடம்புக்கு. 2025 ஜனவரியில் துபாய் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதையும், அவர் காயமின்றி இறங்கி நடந்து வந்ததையும் நீங்கள் எல்லாரும் போனில் பார்த்தீர்கள். அவரைக் காப்பாற்றியவை காரின் இரும்புக் கூண்டும், பெல்ட்டும், பாதையோரத் தடுப்பும், முறையான உடுப்பும். பைக்கில் கூண்டு கிடையாது. ஆகவே உடுப்புதான் உங்கள் கூண்டு.

பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள் என்று புறப்படும் முன் டயரைப் புகைய விடாதீர்கள். சாலை டயருக்கு அது வேண்டியதில்லை. ஒட்டியிருக்கும் மண்ணும் கல்லும் உதிர ஒரு சின்னச் சுழற்சி போதும். பந்தய டயர் வண்டிகளுக்காகத் தண்ணீர் தெளித்த இடம் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு கோட்டுக்கு வாருங்கள். ஈர டயரோடு கிளம்பினால் பின்சக்கரம் விலகும்.

முதல் ஓட்டத்தை ஜெயிப்பதற்காக ஓட்டாதீர்கள். சிக்னலில் கிளம்புகிற மாதிரி கிளம்பி, நேராகப் போய், பத்திரமாக நிறுத்தித் திரும்பி வாருங்கள். பாதை எப்படி, எங்கே மேடு, எங்கே முடிவு, எந்தப் பக்கம் திரும்பி வருவது என்று கண்ணுக்குப் பழகட்டும். இரண்டாவது ஓட்டத்தில் கிளப்பும்போது எஞ்சின் சுற்றைச் சற்றே ஏற்றுங்கள், மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் நேரம் குறைந்தது என்று தெரியாது.

இந்த விளையாட்டின் உயிர் முதல் 60 அடியில் இருக்கிறது. அங்கே மிச்சப்படுத்தும் நேரம் முடிவுக் கோட்டில் அதைவிடக் கூடுதலாகத் திரும்பக் கிடைக்கும். ஸ்போர்ட் பைக் வளைவுகளுக்காகச் செய்தது, உயரமாகவும் நீளம் குறைவாகவும் இருக்கும். வேகமெடுக்கும்போது எடை பின்சக்கரத்துக்குப் போவதால் முன்சக்கரம் தூக்கும். டிராக் வண்டிகளை நீளமாகவும் தாழ்வாகவும் கட்டுவது இதனால்தான். உங்களிடம் இருப்பது சாதாரண வண்டி என்பதால் உங்கள் உடம்பை வைத்தே அதைச் சரிக்கட்ட வேண்டும். டேங்கின் மேல் முன்னால் நகர்ந்து உட்காருங்கள், நெஞ்சைத் தாழ்த்துங்கள், முழங்கை மடங்கி இருக்கட்டும், கண் முடிவுக் கோட்டில் இருக்கட்டும். கிளட்சைப் படக்கென்று விடாதீர்கள். அது பிடிக்கத் தொடங்கும் இடம் விரலுக்குத் தெரிய வேண்டும். அந்த இடத்திலிருந்து வண்டி நகர்ந்து வேகம் பிடிக்கும் வரை சீராக விடுங்கள், ஆக்சிலேட்டரும் சீராக ஏறட்டும். முன்சக்கரம் எழுந்தால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பயந்து முழுதாக மூடினால் சக்கரம் தடாலென்று இறங்கி ஹேண்டில் ஆடும்.

கிளட்ச் விடும் பழக்கத்துக்கு வேகமே வேண்டாம். அனுமதி வாங்கிய ஒரு காலி மைதானத்தில், இருபது மீட்டர் நகர்ந்து நிறுத்துவதைத் திரும்பத் திரும்பச் செய்தாலே விரல் படித்துவிடும். நடுநடுவே கிளட்ச் ஆற விடுங்கள், எரிந்த வாடை வந்தால் அன்றைக்குப் போதும்.

கியர் மாற்றும் இடத்தை உங்கள் வண்டியின் சக்தி எந்தச் சுற்றில் குறையத் தொடங்குகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். லிமிட்டரில் முட்டி எஞ்சின் இருமினால் அந்தக் கணம் வீண். இடையில் பக்கத்து வண்டியைப் பார்க்காதீர்கள். தலை திரும்பினால் வண்டியும் அந்தப் பக்கம் சாயும். உங்கள் தடத்தின் நடுவிலேயே இருங்கள். நடுக்கோட்டைத் தாண்டினால் தோல்வி மட்டுமில்லை, அடுத்தவன் உயிருக்கும் ஆபத்து.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டாம். ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் படிப்படியாக அழுத்துங்கள். கூட ஓடியவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்த பிறகே வெளியேறும் வழிக்குத் திரும்புங்கள். ஓடிய பாதையிலேயே எதிராகத் திரும்பி வருவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

திரும்பி வந்ததும் கையில் ஒரு சீட்டு தருவார்கள். விளக்குக்கு நீங்கள் கிளம்பிய நேரம், 60 அடி நேரம், பாதி வழி நேரம், மொத்த நேரம், கடைசி வேகம் எல்லாம் அதில் அச்சாகி இருக்கும். 60 அடி நேரம் மோசம், கடைசி வேகம் நன்று என்றால் வண்டி நன்றாக இருக்கிறது, கிளம்புவதை நீங்கள் கற்க வேண்டும். 60 அடி நன்று, கடைசி வேகம் குறைவு என்றால் கியர் மாற்றத்தையும் எஞ்சினையும் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, வெயில், காற்றழுத்தம், கிளப்பிய சுற்று எல்லாம் எழுதி வையுங்கள். பாம் பீச் ரோட்டில் பத்து வருஷம் ஓட்டினாலும் கிடைக்காத பாடம் அந்த ஒரே சீட்டில் இருக்கிறது.

லோனாவாலாப் பக்கம் போட்டி என்றால், போய் வருவது பற்றியும் யோசியுங்கள். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. பன்வேல், கோப்போலி வழியாகப் பழைய ஹைவேயில்தான் போக வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒரு டெம்போ பிடித்து வண்டிகளை ஏற்றிக்கொண்டு போவது நல்லது. நாள் முழுக்க ஓடிக் களைத்த கையோடு இரவில் கண்டாலா மலை இறங்க வேண்டாம். ஓடுபாதையிலும் வண்டிக் காப்பீடு பொருந்தாது என்பதால், போட்டி நடத்துகிறவர்கள் ஓட்டுகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, ஆம்புலன்ஸும் மருத்துவரும் பாதையருகே இருப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அந்தப் போட்டி வேண்டாம்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இது புஜபலம் கேட்கிற விளையாட்டு இல்லை. கண், விரல், பொறுமை மூன்றும் கேட்கிற விளையாட்டு. எடை குறைவாக இருப்பது இங்கே அனுகூலம். பின் சீட்டில் உட்கார்ந்து வீடியோ எடுக்கும் வேலையை விட்டுவிட்டு, உங்கள் பெயரில் ஒரு சீட்டு வாங்குங்கள்.

நம் பெரியவர்களிடமும் நான் கேட்க வேண்டியது இருக்கிறது. நெரூலில் டி.ஒய். பாட்டீல் மைதானம் இருக்கிறது. 2025 நவம்பர் 2 அன்று இந்தியப் பெண்கள் அங்கேதான் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றார்கள். உல்வே பக்கம் புதிய விமான நிலையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் விமானத்துக்கும் இடம் கண்டுபிடித்த இந்த ஊருக்கு, தடுப்புக் கட்டிய ஒரு நேர்ப்பாதைக்கு இடம் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை. நிரந்தரமாக வேண்டாம், மாதம் ஒரு நாள், மூடிய ஒரு துண்டுச் சாலை, இருபக்கமும் தடுப்பு, ஓர் ஆம்புலன்ஸ், நேரம் அளக்கும் கருவி, அங்கீகாரம் பெற்ற ஒரு கிளப்பின் மேற்பார்வை இருந்தால் போதும். 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிச் சாலையை மூடிக் கார்ப் பந்தயம் நடத்தினார்கள். சாலையை முறையாக மூடினால் அது பந்தயப் பாதை ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்களே காட்டிவிட்டார்கள். சிட்கோவிடமும் மாநகராட்சியிடமும் போலீஸ் கமிஷனரிடமும் இந்தக் கோரிக்கையைக் கொண்டுபோக நம் தமிழ்ச் சங்கங்கள் முன்வர வேண்டும். பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டி வைக்கிற சங்கம், பிள்ளைகள் உயிரோடு இருக்க இதையும் செய்யலாம்.

ஆனால் அதைக் கேட்கப் போகிறவர்களின் கை சுத்தமாக இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு பாம் பீச் ரோட்டில் பந்தயம் விட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை கமிஷனர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். இந்தச் சனிக்கிழமையோடு நிறுத்துங்கள். வண்டி நம்பரும் உரிமமும் ஒழுங்காக உள்ளவர்கள் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள், பதினெட்டு ஆகாதவர்களைச் சேர்க்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற அடுத்த போட்டி எங்கே, எப்போது என்று பார்த்து, முதல் கட்டமாக நாலைந்து பேராவது உங்கள் சாதாரண வண்டிகளோடு பெயர் கொடுங்கள். மற்றவர்கள் கூடப் போய்ப் பாருங்கள், வண்டி தள்ளுங்கள், சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டுகளோடு திரும்பி வாருங்கள். மனுக் கொடுக்க உங்களோடு முதல் ஆளாக நான் வருகிறேன்.

மாறாத அன்புடன்,
சான்பாடாவிலிருந்து உங்கள் அண்ணன்